வெந்நீருக்கு எரித்த படாக்

போர்ட் பிளேரில் சாகரிகா என்றொரு அரசு விற்பனை நிலையம் உண்டு. சுற்றுலா வந்தவர்கள் ஊர் திரும்புமுன் அங்கே நுழைந்து, படாக் மரத்தில் செய்த சாவிக்கொத்து, பேனாத் தாங்கி, உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆமை என்று எதையாவது வாங்குவார்கள். இரண்டு வாங்க நினைத்தவர்கள் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. அந்த மரத்தைத்தான் பக்கத்துக் கராச்சர்மாவில் நாங்கள் குளிக்க வெந்நீர் போடுவதற்கு எரித்துக்கொண்டிருந்தோம்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு அது யாருக்கும் பெருமையாகவும் தெரியவில்லை. படாக் சட்டென்று பற்றாது என்று பெரியம்மா அதைச் சமையலுக்குச் சேர்க்கவே மாட்டார், கொல்லையில் இருந்த வெந்நீர் அடுப்புக்குத் தள்ளிவிடுவார். சமையலுக்கு அவர் மதித்த விறகு கழிமுகத்துக் கண்டல் மரம். கனமானது, நின்று எரியும், கரியும் உருப்படியாக விழும். அடுத்த இடம் குர்ஜனுக்கு. அதில் எண்ணெய் இருக்கும், ஈரமாக இருந்தாலும் ஒருமாதிரி பிடித்துக்கொள்ளும், பாத்திரத்தின் அடியைக் கன்னங்கரேலென்று ஆக்கிவிடும். வேங்கைக்கும் செம்மரத்துக்கும் பங்காளியான படாக், வைரம் பாய்ந்த சிவப்போடு, அண்டாவுக்கு அடியில் கிடந்தது.

இப்படி ஒரு வாழ்வு எங்களுக்கு வாய்த்ததற்குக் காரணம் சாத்தம். அந்தமானில் வெள்ளைக்காரன் காட்டிலாகாவைத் தொடங்கியது 1883-ல். சாத்தம் தீவில் மர அறுவை மில் போட்டதும் அதே வருஷம். ஆசியாவின் பழைய, பெரிய மில்களில் ஒன்று என்று இப்போதும் அங்கே சொல்லிக் காட்டுவார்கள். 1942-ல் ஜப்பான்காரன் போட்ட குண்டின் பள்ளத்தையும் காட்டுவார்கள். காட்டில் வெட்டியதை யானை இழுத்து வரும், கடல்வழியே மில்லுக்கு வரும், மில் அதைச் சதுரமாக்கும். உருண்டையாக இருப்பதைச் சதுரமாக்கினால் நாலு பக்கமும் பட்டையோடு ஓரப்பலகை விழத்தானே செய்யும்? சாத்தத்தில் மட்டுமில்லை, தீவில் இருந்த எல்லா மில்லிலும் விழுந்தது. அப்படி விழுந்ததுதான் ஊரார் அடுப்புக்கு வந்தது. மேஜையாகவும் கப்பல் தளமாகவும் போன மரத்தின் முதுகுத்தோல் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வேடிக்கை, இங்கத்திய தூப் மரமும் பப்பீத்தா மரமும் தீக்குச்சிக்கு ஏற்றவை. குச்சி இங்கிருந்து கப்பலேறிப் போகும். தீப்பெட்டியாக மெயின்லேண்டிலிருந்து மூன்று நாள் கடலில் ஈரம் குடித்துத் திரும்பி வரும். உரசினால் மருந்து உதிரும்.

ஈரம் என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். இந்தத் தீவில் மரத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பஞ்சமெல்லாம் காய்ந்த மரத்துக்குத்தான். ராமநாதபுரம் பக்கம் வெட்டிப்போட்ட சீமைக்கருவேலம் கிளை கொஞ்ச நாள் வெயிலிலேயே முறிமுறியென்று ஆகிவிடும். பெரியம்மா அந்த மண்ணிலிருந்து கல்யாணமாகி வந்தவர். வந்த வருஷம், விறகு காயும் காயும் என்று காத்திருந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுவாராம். அது புகையா, பிறந்த வீட்டு நினைப்பா என்று பெரியப்பாவுக்குக் கடைசிவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடிக்கும், அது விடுகிற இடத்தில் வடகிழக்கு பிடித்துக்கொள்ளும். ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரைதான் வானம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கும். மழையே இல்லாத நாளிலும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். மரம் காற்றோடு சமரசம் செய்துகொள்கிற பொருள். சுற்றியிருக்கிற காற்றுக்கு ஏற்ற ஒரு அளவு நீரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும், அதற்குமேல் எவ்வளவு நாள் போட்டுவைத்தாலும் காயாது. 80 சதவீதக் காற்றில் அந்த அளவு ஏறத்தாழ 16 சதவீதம். விறகு புகையாமல் எரிய வேண்டுமானால் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆக, பாஸாவதற்கும் இந்த ஊரில் எடுக்கக்கூடிய முதல் மார்க்குக்கும் இடையில் இருந்தது நாலே மார்க். அந்த நாலு மார்க்குக்காகத்தான் எங்கள் கொல்லையில் ஒரு தொழிற்சாலையே நடந்தது.

பெரியப்பா ஒரு மர ஆலையில் ஃபிட்டர். எந்திரத்தைக் கண்டால் கும்பிடுகிற ஜாதி. பழைய இரும்பு ஏலத்தில் ஒரு டீசல் இன்ஜினை எடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஒற்றை சிலிண்டர், லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1929 வாக்கில் பிறந்த வடிவம் அது. ராஜ்கோட்டுக்காரர்கள் நகலெடுத்து நாடு முழுக்கக் கிணற்றடியிலும் மாவு மில்லிலும் நட்டுவிட்டார்கள். 6 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 650 சுற்று, இரண்டு பக்கமும் இரண்டு ஃபிளைவீல். பெரியப்பா வாங்கியது டர்ஸ்லியா ராஜ்கோட்டா என்பதில் அவருக்கும் பக்கத்துவீட்டு மலையாளத்து மெக்கானிக்குக்கும் தீராத வழக்கு இருந்தது. பெயர்த்தகடு விழுந்துவிட்டதால் இருவரும் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள்.

அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவரைத் திறந்துவைத்து, இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். வேகம் பிடித்த நொடியில் லீவரை விட்டால் ‘டுக்’ என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் ஒரு யோசனை, அப்புறம் இன்னொரு ‘டுக்’. மூன்றாவது வந்துவிட்டால் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! தெருவில் இருந்த பெங்காலி வீட்டுப் பாட்டி காதில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு கதவைச் சாத்துவார். பிள்ளைகள் நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஓடுவோம்.

இன்ஜினிலிருந்து ஒரு பட்டை பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் வட்ட ரம்பம். ஈரக்காற்றில் பெல்ட் வழுக்கும். அப்போது பெரியப்பா ஒரு துண்டு தூப் பிசினை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற பெல்ட்டின் உள்பக்கம் தேய்ப்பார். சூட்டில் உருகி பெல்ட் கப்பென்று பிடித்துக்கொள்ளும், கொல்லை முழுக்கக் குங்கிலிய வாசம் அடிக்கும். ரம்பத்துக்குப் பாதுகாப்பு மூடி என்று எதுவும் கிடையாது. “கையை அங்கிட்டு எட்றா, மூதேவி!” என்ற அதட்டல்தான் மூடி. ஓரப்பலகைகளையும் கணுத்த துண்டங்களையும் ஒரு அடி, ஒன்றேகால் அடி நீளத்துக்கு அறுத்துத் தள்ளுவார். தெருவில் பாதி வீட்டு விறகு அங்கேதான் அறுபட்டது. கூலி வாங்கமாட்டார், டீசல் காசு மட்டும். டீசலுக்கும் பாதிப்பேர் “அடுத்த மாசம் தாரேன் அண்ணே.”

இந்த இன்ஜினைக் குளிரவைக்கப் பக்கத்தில் ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு குழாய் கொடுத்திருந்தார். ஓட ஓடத் தண்ணீர் தானாகவே மேலே ஏறிக் கீழே இறங்கிச் சுற்றிவரும், ஒரு மணி நேரத்தில் கை பொறுக்காத சூடாகிவிடும். பெரியம்மா குடத்தோடு வந்து அதில் பாதியை மொண்டுகொண்டு, பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவார். இன்ஜினுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. வெந்நீருக்கு விறகு அறுத்த நாளில் வெந்நீருக்கு விறகு தேவைப்படவில்லை. இதை ஒருமுறை பெரியம்மா வாய்விட்டுச் சொல்லப்போக, பெரியப்பா சாயங்காலம்வரை அவரோடு பேசவில்லை.

அறுப்பதற்கு இன்ஜின் சரிதான். பிளப்பதுதான் சிக்கல். அதற்கு அவர் லாரிக்குப் போடும் ஹைட்ராலிக் ஜாக் ஒன்றை இரும்புச் சட்டத்தில் படுக்கவைத்து, எதிரே ஒரு எஃகு ஆப்பைப் பற்றவைத்தார். கட்டையை நடுவில் வைத்து ஜாக்கின் கம்பியை மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருந்தால், ஆப்பு அங்குலம் அங்குலமாக ஏறும். மரம் முனகும், சட்டம் வளையும், நாங்கள் தள்ளி நிற்போம். படாக்கின் நார் நேராக ஓடாது, ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். அதனால் வெடித்த பிறகும் இரண்டு பாதியும் நாரால் கோத்துக்கொண்டு நிற்கும். அதைப் பிய்ப்பதற்குக் கோடாலிதான் வேண்டும்.

கோடாலிக்கு ஒரு ராஞ்சிக்காரர் வருவார். 1918 முதலே சோட்டா நாக்பூர் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்குக் கூட்டிவந்த ஆட்களின் வழிவந்தவர்களை இங்கே எல்லாரும் ராஞ்சி என்றுதான் சொல்வார்கள். அந்தக் காட்டை அறுத்துச் சாலை போட்டவர்கள் அவர்கள். இவருக்கு வயது அறுபதுக்கு மேல், நாங்கள் தாதா என்போம். ஜாக் ஒரு கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் பீடியைப் பற்றவைத்து அதை வேடிக்கை பார்ப்பார். பீடி முடிந்ததும் எழுந்து கட்டையைத் தலைகீழாகப் புரட்டி, வெட்டுமுகத்தில் ஏற்கனவே ஓடியிருக்கும் மயிரிழை வெடிப்பைத் தேடி, கணுவை விட்டு விலகி ஓரத்தில் ஒரு போடு. சீவல் சீவலாக ஓரத்திலிருந்து நடுவுக்கு வருவார். நடுவில் அடித்து மரத்தை ஜெயிக்கிற வேலையே அவரிடம் கிடையாது. பெரியப்பா அவருக்கு டீ கொடுத்துவிட்டு, “ஜாக்குல ஆயில் கொஞ்சம் கம்மி, அதான்” என்பார். தாதா இந்தியில், “ஆமாம், ஆயில்தான்” என்று ஒத்துக்கொள்வார்.

இதோடு பெரியப்பாவின் பங்கு முடிந்துவிடும். இன்ஜினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துச் சாக்குப் போட்டு மூடிவிட்டு அவர் திண்ணைக்குப் போய்விடுவார். தெருவும் “இன்ஜின் விறகு” என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தது. ஆனால் அன்றைக்கு அங்கே கிடந்தது விறகில்லை, அறுத்துப் பிளந்த ஈரமரம். அதை விறகாக்கியவர் பெரியம்மா.

அவர் கணக்கு ரொம்ப எளிமையானது. மழைக்காலத்து அடுப்புக்கு வேண்டியது பொங்கலுக்குள் அடுக்கியாக வேண்டும். தரையில் நேராக அடுக்கினால் கறையான் வரும், ஆகவே கீழே செங்கல், அதன்மேல் இரண்டு பாக்குமரத் தண்டு. பட்டை நீரை உள்ளேயே பூட்டிவைக்கும் என்பதால் பட்டை தனியாக வரும் கட்டையையெல்லாம் உரித்துவிடுவார், உரித்த பட்டை கோழிக்கூட்டுக்குப் போகும். வெட்டுமுகம் காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இதற்கு அவர் காரணம் சொன்னதில்லை. பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது, மரத்துக்குள் நீர் ஓடிய குழாய்கள் எல்லாம் நீளவாக்கில் இருப்பதால், பக்கவாட்டைவிட வெட்டுமுகத்தின் வழியே ஈரம் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக வெளியேறும். அந்தவகையில், நீளத்தைக் குறைத்துக் கொடுத்த இன்ஜினுக்கும் கொஞ்சம் புண்ணியம் உண்டு. பெரியப்பா உயிரோடிருந்தால் இந்த வரியை வெட்டி ஒட்டிவைத்திருப்பார்.

மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு. அது வெறும் பாதிக் காய்ச்சல்தான். ஏப்ரல் கடைசியில் அதை உள்ளே மாற்றி, அடுப்புக்கு மேலே இருந்த பரணில் வாரத்துக்கு வேண்டியதை ஏற்றுவார். கீழே எரிகிற விறகின் புகையும் சூடும் மேலே இருக்கிற விறகைக் காய்ச்சும். அது இறங்கி எரியும்போது அதற்கு மேலே அடுத்த அடுக்கு. ஊரெல்லாம் ஈரத்தில் ஊறிக்கிடக்க, அந்தப் பரணில் மட்டும் காற்று உலர்ந்திருந்தது. பெரிய மில்லில் நீராவி விட்டுப் பலகை காய்ச்சுகிற அறைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். அங்கே அதற்கு ஒரு அதிகாரி உண்டு. இங்கே பெரியம்மா இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்றால் அடுப்புக்கு, ‘தொப்’ என்றால் திரும்பப் பரணுக்கு.

விறகு அடுக்கு என்றால் பூரான் இல்லாமலா? அந்தமான் பூரானைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். முழங்கையில் பாதி நீளம் இருக்கும். இந்தியில் கான்கஜூரா என்பார்கள். கடித்தால் அன்றிரவு யாருக்கும் தூக்கம் கிடையாது. அதனால் அடுக்கிலிருந்து கட்டை எடுக்கிறபோது ஒருமுறை தரையில் தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். இன்றுகூட நான் ரிமோட்டை எடுக்கும்போது சோபாவில் ஒரு தட்டுத் தட்டுகிறேன், மனைவி சிரிக்கிறாள்.

கேஸ் வந்தது. ஒரேயடியாக வரவில்லை. முதலில் ஆபீசர் வீடுகளுக்கு, பிறகு பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கு, பிறகு எல்லாருக்கும். அதுவும் கடல்கடந்துதான் வர வேண்டும், வரத்து தாமதமானால் சிலிண்டரும் தாமதம். அப்போதெல்லாம் பெரியப்பா சாக்கை விலக்கி இன்ஜினைக் கிளப்பி, தெருவுக்கே கேட்கும்படி வெற்றி முழக்கம் செய்வார்.

அதற்குள் மரத்தின் கதையும் மாறிவிட்டது. 2002 மே மாதம், சேகர் சிங் கமிஷன் அறிக்கையை வைத்து உச்ச நீதிமன்றம் அந்தமான் காட்டில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. தீவுக்காரர்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் அளந்து வெட்டலாம், மரம் கப்பலேறக் கூடாது. பிளைவுட் ஆலைகள் ஓய்ந்தன, தனியார் மில்கள் சுருங்கின. ஓரப்பலகை என்பதே அரிதாயிற்று. நியாயமான தீர்ப்புதான். ஆனால் அதற்கு முந்தின நூறு வருஷம் லட்சம் லட்சமாகக் கட்டை கடலைத் தாண்டிப் போனபோது வராத அக்கறை, நாங்கள் கேஸுக்கு மாறிய பிறகு வந்ததே என்று பெரியப்பாவுக்கு ஒரு குறை. கண்டல் மரத்தில் கைவைப்பதும் குற்றம். பெரியம்மா மெச்சிய விறகு இப்போது கரையைக் காக்கும் காடு.

2004 டிசம்பர் 26-ல் நிலம் ஆடியது. தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. கராச்சர்மாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சிப்பிகாட்டில் நெல் விளைந்த இடமெல்லாம் கடல்நீர் ஏறி நின்றது, அது திரும்பிப் போகவேயில்லை. தென்னையும் பாக்கும் நின்ற நிலையிலேயே செத்துப்போய், வெள்ளையாக, வரிசை வரிசையாகத் தண்ணீருக்குள் நின்றன. விறகுக்கு அலைந்த காலத்தில் இத்தனை பட்டமரம் ஒரே இடத்தில் கிடைத்திருந்தால் சண்டையே நடந்திருக்கும். இப்போது யாரும் தொடவில்லை. தொட்டாலும் பயனில்லை, உப்பில் ஊறிய மரம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எரித்தால் அடுப்பின் இரும்பைத் தின்னும். சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.

பெரியப்பா காலமாகிவிட்டார். பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஹேவ்லாக் தீவு அதற்கு முன்பே ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. அந்தத் தீவில் விருந்தினர் விடுதி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான் பெரியப்பாவின் பேரன். விறகு அடுப்பில் சுடும் பீட்சாதான் அவன் விடுதியின் விளம்பரமே. “சித்தப்பா, காய்ஞ்ச கட்டை எங்க கிடைக்கும்?” என்று போன வருஷம் என்னைக் கேட்டான். அந்தமானில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் அவன் வீட்டிலேயே இருந்தது. பழைய மரவீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டப்போகிறார்கள். தூணும் படாக் சட்டமும் நல்ல விலைக்குத் தச்சர்களிடம் போய்விட்டன. மிஞ்சிய குர்ஜன் பலகை, உடைந்த கைமரம், பரணின் சட்டம் எல்லாம் ஒரு குவியல். தகரக் கூரைக்குக் கீழே நாற்பது வருஷம் இருந்த மரம். அதிலும் பரண் சட்டம், அத்தனை வருஷமும் அடுப்புக்கு மேலேயே இருந்தது. இந்தத் தீவில் விறகு சரியாகக் காய வேண்டுமானால் முதலில் அதில் ஒரு வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்போலிருக்கிறது.

பயல் சும்மா இல்லை. ஆன்லைனில் ஈரம் அளக்கும் கருவி வாங்கி வைத்திருக்கிறான், இரண்டு ஊசியைக் கட்டையில் குத்தினால் எண் காட்டுகிறது. தாத்தாவின் இன்ஜினைச் சுரண்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்து, விடுதி வாசலில் நிறுத்தப்போகிறானாம். கிளப்பி ஓடவிட்டு வீடியோ எடுத்தான், நல்ல கூட்டம் பார்த்ததாகச் சொன்னான். பெல்ட் கிடையாது, ரம்பம் கிடையாது. வெறுமே ஓடுகிறது. விறகை அறுப்பது மின்சாரக் கைரம்பம்.

நாங்கள் போயிருந்த அன்று வாசலில் உட்கார்ந்து குவியலை அளந்துகொண்டிருந்தான். “14... 15... இது 13 சித்தப்பா!” ஒரு கட்டையில் 19 காட்டியது. அது தேறுமா தேறாதா என்று அவனுக்குச் சந்தேகம். நாற்காலியில் இருந்த பெரியம்மாவிடம் இரண்டு துண்டை நீட்டி, “அப்பத்தா, நீ தட்டிப் பாத்துச் சொல்லேன், வீடியோவுக்கு” என்றான்.

அவர் கையில் வாங்கவில்லை.

“எனக்கென்னப்பா தெரியும்? கேஸ்ல ஈரமா காயுது?” என்றார். அப்புறம் குவியலைப் பார்த்து, “இத அந்தச் சொவத்த விட்டுத் தள்ளிப் போடு. பூரான் ஏறும். அப்படியே உள்ள போயி, சிலிண்டர் புக் பண்ணியாச்சான்னு ஒங்க அம்மாட்டக் கேட்டுட்டு வா.”